படகைச் சுமந்த கதை

படகு மனிதனைச் சுமக்கும். அந்தப் படகைக் கரையில் யார் சுமப்பது? காருக்குப் பின்னால் ட்ரெய்லரைப் பூட்டி, அதில் மடக்குப் படகை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரையில் கூடாரம் போடப் போகிறவர்களைப் பார்த்தால் இது ஏதோ புதுப் பழக்கம் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தக் கேள்விக்கு வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல்!

கி.மு. 5-ம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பாபிலோனின் வட்டப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மரச் சட்டத்தின் மேல் தோல் போர்த்திய படகுகள் அவை. ஒவ்வொன்றிலும் சரக்கோடு ஒரு கழுதையும் வரும். ஆற்றின் வேகத்தை எதிர்த்துத் திரும்ப முடியாது. அதனால் பாபிலோனில் சட்டத்தை விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவார்களாம். அன்றைய ட்ரெய்லர் கழுதைதான்!

நம் பக்கத்தில் இதற்குச் சொந்தக்காரன் பரிசல். உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம் வழியாகப் போனால் ஒகேனக்கல் வந்துவிடும். அங்கே பரிசல்காரர்கள் மணலிலும் பாறையிலும் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்து நடப்பதைக் காணலாம். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, முன்பு மாட்டுத்தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்தன. பரிசல் மடங்காது. ஆனாலும் ஒரு ஆள் தூக்கும் எடையில் இருப்பதால் அதற்கு வண்டி தேவைப்படவில்லை.

1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், ஆனேகுந்திக்குப் போகும் துறையில் 15, 20 பேர் ஏறும் கூடைப் படகுகளைக் கண்டார். நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போவது அவருக்கு வியப்பாக இருந்தது. 1799-ல் ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சென்ற கம்பெனிப் படையில் ஆர்தர் வெல்லெஸ்லியும் இருந்தார். 1803-ல் மராத்தியப் போரின்போது மழைக்கால ஆறுகளைக் கடக்க அவரே இந்தக் கூடைப் படகுகளைச் செய்ய வைத்தார். மூங்கிலும் தோலும் எங்கும் கிடைக்குமே!

இன்றைய மடக்குப் படகு பிறந்தது ஜெர்மனியில். 1905-ல் ஆல்ஃபிரட் ஹூரிச் என்ற கட்டடக்கலை மாணவர் மூங்கில் சட்டத்தில் துணி போர்த்தி, பிரித்துப் பைகளில் அடைக்கக்கூடிய படகு ஒன்றைச் செய்து மியூனிக் அருகே இசார் ஆற்றில் ஓட்டினார். 1907-ல் ரோசன்ஹைம் ஊர்த் தையற்காரர் யோகான் கிளெப்பர் அதைத் தயாரிக்கும் உரிமையை வாங்கினார். மக்கள் பையோடு ரயிலேறி மலையாறுகளுக்குப் போனார்கள். கார் பெருகிய பிறகு அந்தப் பை ட்ரெய்லருக்கு இடம் மாறியது.

மூங்கில், மேலே ஒரு போர்வை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். வேறுபாடு எங்கே என்றால், மடக்குப் படகு விடுமுறைக்கு, பரிசல் வயிற்றுக்கு. கர்நாடக அணைகளிலிருந்து நீர் அதிகம் திறந்தால் ஒகேனக்கலில் பரிசலுக்குத் தடை வரும். அன்று பரிசல்காரருக்குக் கூலி கிடையாது. மழை நின்று, தடை நீங்கி, மறுபடி அதைத் தலையில் ஏற்றும்வரை அவர் காத்திருக்க வேண்டும்.

ஒகேனக்கல் போகிறவர்கள் பரிசலில் சுற்றுவதோடு நிறுத்திவிடாமல், அது கரையேறிய பிறகு எப்படிப் போகிறது என்றும் கொஞ்சம் நின்று பார்க்கலாமே!