இலவசப் படங்களும் எடுக்கப்படாத படங்களும்

செயற்கைக்கோள் படங்கள் இன்று காசில்லாமல் கிடைப்பதை ஒரு ஜனநாயக வெற்றியாகக் கொண்டாடும் நண்பர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. மீதிப் பாதியைப் பேச, 'லாண்ட்சாட்' என்ற அமெரிக்கத் திட்டத்தின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது.

மேலிருந்து பார்ப்பது என்பது முதலில் வேவு பார்ப்பதாகத்தான் இருந்தது. 1960 முதல் 1972 வரை 'கொரோனா' வகை உளவுக்கோள்கள் எடுத்த 8 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் 1995 வரை ரகசியமாகவே கிடந்தன. 1972 ஜூலையில் ஏவப்பட்ட முதல் லாண்ட்சாட்டோ ராணுவம் சாராத பொதுப் பயன்பாட்டுக்கென்று வந்தது. ஆனால் 1984ல், ரீகன் ஆட்சியில், படங்களை விற்கும் வேலையைத் தனியாருக்கு விடச் சட்டம் வந்தது. ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது.

விலையேற்றத்தைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. வாங்க ஆளில்லாத நிலங்கள் பல படமாகவே எடுக்கப்படவில்லை. காசு கொடுத்தால் படம். இல்லையென்றால் கோள் தன்பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும், கண் திறக்காது. அந்த ஆண்டுகளின் தொகுப்பில் உலகின் பல பகுதிகளுக்கு நேரே வெற்றிடங்கள். காப்பகத்தின் மௌனம் தற்செயலானதல்ல, சந்தை எழுதிய மௌனம் அது. எடுக்காத படத்தை எந்த இலவசமும் திருப்பித் தராது.

1992ல் இன்னொரு சட்டம் திட்டத்தை அரசிடமே திருப்பியது. 1999ல் வந்த லாண்ட்சாட் 7இன் படத்துக்கு விலை 600 டாலர். 2008ல் மொத்தக் காப்பகமும் இலவசமாகத் திறக்கப்பட்டது. அதுவரை மிக அதிகமாக விற்ற 2001லேயே சுமார் 25,000 படங்கள்தான் போயின. திறந்தபின் ஓராண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். அத்தனை கேள்விகள் கையில் காசில்லாமல் காத்துக் கிடந்திருக்கின்றன!

இதன் அரசியலைப் பிரேசிலில் பார்க்கலாம். அந்நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனமான 'இன்பே' 1988 முதல் இத்தகைய படங்களைக் கொண்டு அமேசான் காடழிப்பை ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. 2019ல் அதிபர் பொல்சனாரோ அதன் தரவுகளைப் பொய் என்றார். எதிர்த்துப் பேசிய இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவ் பதவி இழந்தார். ஆனால் படத்தைப் பதவிநீக்கம் செய்ய முடியவில்லை. அவ்வாண்டுக் கணக்கு 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. சந்தேகப்படுகிறவன் தானே எடுத்து அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும், லாண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். காடு போனது தெரியும். யார் வெட்டினார்கள், யார் விரட்டப்பட்டார்கள் என்பது தெரியாது. எரிந்த குடிசை அந்தப் புள்ளிக்குள்ளேயே கரைந்துபோகும்.

2018ல் மறுபடியும் கட்டணம் விதிக்கலாமா என்று அமெரிக்க அரசு ஆராய்ந்தது. ஆக, இலவசம் என்பது ஒரு கொள்கை முடிவுதான். கொடுத்த கை எடுத்துக்கொள்ளவும் கூடும். கிடைக்கிறபோதே பிரதியெடுத்து வைப்போம். அதன் பக்கத்திலேயே கீழிருப்பவர்களின் சாட்சியத்தையும் எழுதி வைப்போம். அது இல்லாதவரை, படம் நம் கைக்கு வந்திருக்கலாம். பார்வை இன்னும் அவர்களுடையதுதான்.