கோவிவன் காத்த இடம்

பணியிடத்திற்கு வளர்ப்பு நாயை அழைத்து வரலாமா? இக்கேள்வியைச் செவியுற்றதும், மேனாட்டுக் கணினி நிறுவனங்கள் நமக்கு அனுப்பிவைத்த புதுமைகளுள் இதுவும் ஒன்று என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணக் காரணமும் உண்டு. 1990களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அமேசான் நிறுவனம் தளிர்நடை பயின்ற காலத்தில், அங்குப் பணியாற்றிய இருவர் ரூபஸ் என்னும் தம் கோர்கி இன நாயை அலுவலகத்திற்கு அழைத்து வந்தனர். நாளடைவில் அது அந்நிறுவனத்தின் வழக்கமாகவே வேரூன்றியது. நம் நாட்டில், டாட்டா குழுமத்தின் தலைமையகமாகிய மும்பை பாம்பே ஹவுஸ் 2018இல் புதுப்பிக்கப்பட்டபோது, அப்பகுதித் தெருநாய்களுக்கென்றே அக்கட்டடத்தில் ஓர் அறை ஒதுக்கப்பட்டது.

இவையெல்லாம் அண்மைச் செய்திகள். பணியிடத்தில் நாய்க்கு இடமுண்டா என்னும் வினாவோ தமிழ்நிலத்திற்குப் புதிதன்று. அதற்கு நம் முன்னோர் கல்லிலும் சொல்லிலும் விட்டுச் சென்ற விடைகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்தனூர்க் கல்

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தை நாடறிந்தது 2024 சூன் மாதத்தில், 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளச்சாராயச் சாவுகளால். ஒரு வட்டாரத்தின் பெயர் அதன் துயரத்தோடு மட்டுமே ஒட்டிக்கொள்வது கொடுமை. அந்நகருக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கல்வராயன் மலையையும், அதற்கு வடக்கே தென்பெண்ணை பாயும் செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால், தமிழகத்தின் மிகப் பழைய ஆநிரை நிலங்களுள் ஒன்று நம் கண்முன் விரியும். மாடே செல்வமாக இருந்த அந்நிலத்தில் மாடு கவர்தலும் மீட்டலும் ஓயாது நிகழ்ந்தன. அப்பூசல்களில் உயிர்துறந்தோருக்கு எடுக்கப்பட்ட நடுகற்கள் இன்றும் வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கின்றன. இவற்றுள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தொகுத்து, 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக 1972இல் வெளியிட்டது.

அந்நடுகற்களுள் எடுத்தனூர்க் கல் தனித்துவமானது. பல்லவ வேந்தன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வட்டெழுத்தில் வெட்டப்பட்டது இது. வாணகோ அரசரின் உறவினரான பொற்றொக்கையார் என்பவரின் இளமகன் கருந்தேவக்கத்தி. இளமகன் என்பது இங்குப் படைத்தொண்டு புரிந்த பணியாளனைக் குறிக்கிறது. எருமைகளைக் காக்கும் பூசலில் அவன் பட்டான் என்கிறது கல்வெட்டு. இதுவரை பிற நடுகற்களில் காணும் செய்திதான். வியப்பு அடுத்த வரியில் இருக்கிறது! கோவிவன் என்னும் நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதை அக்கல் தனியே எடுத்துரைக்கிறது. வீரனின் பின்னே அந்நாயின் உருவும் செதுக்கப்பட்டுள்ளது.

இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கள்வர் யாரென்று கல் சொல்லவில்லை. எருமைகள் எத்தனை என்பதும் இல்லை. நாயின் பெயரோ இருக்கிறது. 'அவனுடைய நாயும் உடன் இருந்தது' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கலாம். அவ்வாறு எழுதாமல், அதற்குரிய பெயரைச் சொல்லி, அது செய்த செயலையும் சொல்லி, தலைவனுடன் ஒரே கல்லில் இடமளித்தனர் அம்மக்கள். மேய்ச்சல் நிலமே கருந்தேவக்கத்தியின் பணியிடம். அங்குக் கோவிவன் உடன்பணியாளனாக நின்றது. 'இதை உள்ளே விடலாமா?' என்று அங்கு எவரும் கேட்டிருக்க வழியில்லை.

விலங்குக்குக் கல்லெடுக்கும் வழக்கம் இவ்வட்டாரத்திற்கு அயலானதன்று. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சேரிக்காகப் பொருத சேவலொன்றுக்கு எடுத்த கல் உள்ளது. உடனுழைத்த உயிரை மதிக்கும் மரபொன்று இந்நிலத்தில் இருந்தது என்பதற்கு இவ்விரண்டுமே சான்று.

இரு வாயில்கள்

எனினும் தமிழர் எல்லோரும் எல்லா இடத்திலும் நாயை வரவேற்றனர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சங்க இலக்கியம் அவ்வாறு சொல்லவில்லை.

செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுவது மலைபடுகடாம். அவனை நாடிச் செல்லும் கூத்தர்க்குக் கிடைக்கவிருக்கும் விருந்தைக் கூறுமிடத்தில், வேட்டைநாய் பிடித்துத் தந்த ஊனும் இடம்பெறுகிறது. உணவைத் தேடித் தந்தது யார் என்பதைப் புலவர் பெருங்கௌசிகனார் மறைக்கவில்லை. மன்னனின் விருந்திலேயே நாயின் உழைப்புக்கு அறிவிப்பு உண்டு!

தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் இரு காட்சிகள் வருகின்றன. ஒன்றில், எயினர் நாய்களோடு புதர்களைக் கலைத்து, வலை மாட்டி, முயல்களை வளைக்கின்றனர். மற்றொன்றில், மறை ஓதுவோரின் இல்லங்கள் வருணிக்கப்படுகின்றன. மெழுகித் தூய்மை செய்த அவ்வீடுகளைக் கோழியும் நாயும் நெருங்குவதில்லை என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். ஆனால் அங்கே கிளி உண்டு. கேட்டுக் கேட்டுப் பழகிய அது மறை ஒலியையும் பயில்கிறது!

ஒரே நூலில், ஒரே நாட்டில், ஒரு வாயில் நாய்க்குத் திறந்திருக்கிறது. மற்றொன்று மூடியிருக்கிறது. எயினருக்கு நாய் இன்றி வேலை நடவாது. மறையோர்க்கோ நாய் நுழைந்தால் வேலை கெடும். ஆகவே, 'நாயை அனுமதிக்கலாமா' என்று பொதுவாகக் கேட்டால் விடை கிட்டாது. அவ்விடத்தில் என்ன வேலை நடக்கிறது, அங்கு உடனிருப்போர் யார் என்னும் இரண்டையும் அறிந்த பின்னரே விடை சொல்ல இயலும். ஈராயிரம் ஆண்டுகட்கு அணுக்கமான இப்பாடம் இன்றைய மனிதவள அதிகாரிகளுக்கும் பொருந்தும்.

காளிக்குக் கிடைத்த நிலம்

அன்பு பொறுப்பாக மாறுவது எப்படி என்பதற்கு இன்னொரு கல் சான்று தருகிறது. அது இன்று கர்நாடகத்தைச் சேர்ந்ததாயினும் அதன் கதை தமிழ்மண்ணோடு பிணைந்தது. 949இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் சோழ இளவரசர் இராசாதித்தர் வீழ்ந்தார். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்று வென்ற கங்க மன்னன் பூதுகன், தன் வீரன் மணலேரனிடம் வேண்டுவதைக் கேட்கச் சொன்னான். பொன்னும் ஊரும் கேட்டிருக்கலாம். மணலேரன் கேட்டதோ அரசனின் காளி என்னும் நாயை!

பின்னர் அந்தக் காளி காட்டுப்பன்றியொன்றோடு பொருது, பன்றியும் தானுமாக மடிந்தது. அதற்காக ஆதகூரில் கல் நடப்பட்டது. நாயும் பன்றியும் மோதும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. அக்கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் நட்டதோடு நில்லாமல் நிலமும் ஒதுக்கினர். அந்நிலத்தை அனுபவிப்பவர் அக்கல்லை வழிபட்டே உண்ண வேண்டும் என்று கடமையும் விதித்தனர். ஒரு நாயைப் போற்றுவதென்றால், யார் செய்வது, எதைக் கொண்டு செய்வது, செய்யாவிட்டால் பழி யாருக்கு என்பதுவரை எழுதி வைப்பது அக்காலத்து முறை. இன்று நாய்களை வரவேற்கும் அலுவலகங்கள் எத்தனை இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கின்றன என்று கேட்கத் தோன்றுகிறது.

அச்சத்தின் வரலாறு

பணியிடத்தின் இயல்பு மாறியபோதுதான் நாயின் இடம் சிக்கலானது. மேய்ச்சல் நிலத்திற்குச் சுவரில்லை. நாயை விரும்பாதவர் விலகி நடக்கலாம். அலுவலகத்திற்கோ கூரையும் கதவும் உண்டு. அதனுள் அடைபட்டிருப்போர் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்து வந்தவரும் அல்லர். வேலையுள்ள நாய்க்கு நவீன காலத்திலும் இடம் கிடைத்தது. 1951இல் சென்னைக் காவல்துறையில் மோப்பநாய்ப் பிரிவு தொடங்கியது. ஆனால் அதன் பணி துப்பறிதல். பயிற்சியாளரின் பிடியில் செல்வது அது. கணக்கெழுதும் மேசைக்கடியில் படுத்திருக்கும் செல்லநாயை அதனோடு ஒப்பிட இயலாது.

நாயைக் கண்டு அஞ்சுவோரை எள்ளி நகையாடுவது எளிது. அவ்வச்சத்திற்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. வெறிநாய்க்கடிக்கான பாஸ்டர் நிலையம் இந்தியாவில் முதலில் 1900இல் இமயமலைச் சாரலின் கசௌலியில் அமைந்தது. தென்னாட்டில் கடிபட்டவர் அங்குச் சென்றுசேரவே பல நாள்களாகும். 1902இல் தென்னாட்டில் ஓர் ஆங்கிலேய இளம்பெண் இந்நோயால் இறந்தது பெரும் அதிர்ச்சியை உண்டாக்க, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன் பெயரின்றி மாண்ட உழவரும் இடையரும் எத்தனை பேரோ!

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பு மருந்து ஆட்டின் மூளைத்திசுவிலிருந்து எடுக்கப்பட்டது. வயிற்றில் நாள்தோறும் போடவேண்டிய அவ்வூசியை எண்ணி நடுங்கிய தலைமுறைகள் உண்டு. 2004ஆம் ஆண்டின் இறுதியில்தான் இந்தியா அதை முற்றிலும் கைவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டிமார் சொன்னது கட்டுக்கதையன்று. இன்றைய மருந்து கையில் போடப்படுகிறது, வலியும் குறைவு. இருப்பினும் நான்கைந்து முறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது சில மணிநேர அனுமதி. அன்றாடங்காய்ச்சிக்கோ ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி. நோய் முற்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது என்பதால் அவர் செல்லாமலும் இருக்க இயலாது.

யாரைக் கேட்பது?

சட்டம் இதில் என்ன சொல்கிறது? வீட்டில் நாய் வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடைசெய்யக் கூடாதென்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வழிகாட்டியது. அவ்வழிகாட்டுதல் குடியிருப்புகளுக்கானது. தம் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஊறு நேராமல் காக்கத் தவறுவது குற்றம் என்பது 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவில் இருந்து, 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம் முதலிய வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்க உத்தரவிட்டது. தெருநாய்ச் சிக்கலும் வளர்ப்பு நாய்ச் சிக்கலும் வேறுவேறு. ஆயினும் பலர் கூடும் இடத்தில் ஒருவரின் பரிவு மற்றவரின் பாதுகாப்போடு மோதும் இடம் இரண்டிலும் ஒன்றே.

நம் கருத்தை மறைப்பானேன்? வளர்ப்பு நாயைப் பணியிடத்தில் அனுமதிக்கலாம் என்பதே எம் துணிபு. ஆனால் அதற்கு மூன்று தேவைகள் உண்டு. முதலாவது, ஆதகூரில் எழுதி வைத்ததைப் போலப் பொறுப்பை எழுதி வைத்தல்: தடுப்பூசி யார் பொறுப்பு, கழிவை அகற்றுவது யார், கடித்தால் செலவும் கூலியிழப்பும் யாருடையவை என்பன ஐயமின்றித் தெரிய வேண்டும். இரண்டாவது, நாயின் நலம். நாள் முழுதும் குளிரூட்டிய அறையில் கட்டிக்கிடப்பது அதற்கு மகிழ்ச்சியா என்று அதன் இடத்திலிருந்து எண்ண வேண்டும். கோவிவனுக்கு ஓடித்திரிய வெளி இருந்தது. செய்யத் தொழிலும் இருந்தது.

மூன்றாவதே தலையாயது. இசைவை யாரிடம் கேட்பது? மேலாளரின் நாயை 'எனக்கு அச்சமாக இருக்கிறது' என்று அவர்கீழ்ப் பணிபுரியும் எழுத்தர் சொல்லத் துணிவாரா? விடியலில் வந்து தரையைத் துடைக்கும் ஒப்பந்தப் பெண்ணையும், இரவுக் காவலரையும், தேநீர் கொணரும் சிறுகடைக்காரரையும் எவரேனும் கேட்கிறார்களா? ஒவ்வொரு நகரத்திலும் கருணாபுரங்களிலிருந்தே அவர்கள் வருகிறார்கள். அலுவலகத்தின் கொள்கைகள் அவர்களைக் கேட்டு எழுதப்படுவதில்லை. நாயின் கழிவை இறுதியில் அள்ளப்போவது யார் கை என்பதை அறியாதார் நம்முள் இல்லை. ஆகவே அதிகாரப் படியில் கடைசியில் நிற்பவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அதுவும் பெயர் வெளிவராத வகையில். அவர் வேண்டாமென்றால் கதவு மூடியே இருக்கட்டும்.

எடுத்தனூர்க் கல்லில் நாம் காண்பவன் வேந்தன் அல்லன். பல்லவனின் பெயர் ஆண்டைக் குறிக்க மட்டுமே வருகிறது. வாணகோ அரசரும் பொற்றொக்கையாரும் உறவைக் குறிக்க வருகின்றனர். சிற்பமாய் நிற்போர் இருவர்: ஒரு பணியாளன், ஒரு நாய். உழைத்தவரை நடுவில் நிறுத்தி, ஆண்டவரை ஓரத்தில் எழுதிய அக்கல்லின் முறைமை நம் அலுவலகங்களுக்கும் வாய்க்குமாயின், நாய்க்கு எங்கே இடமளிப்பது என்பது பெரிய சிக்கலாக இராது.