உவர்மண்ணும் முப்பும்

வேதியியல் என்ற பாடப்புத்தகச் சொல்லிலேயே ரசவாதம் இருக்கிறது. செம்பைப் பொன்னாக்கும் வித்தைக்கு வேதை என்றுதான் பெயர். ஆனால் 'நம்ம சித்தருக்குத் தெரியாத கெமிஸ்ட்ரியா' என்று பெருமை பேசுகிறவர்கள் போகரோடு நின்றுவிடுகிறார்கள். போகருக்கு மண் அள்ளிக் கொடுத்தது யார் என்பதே என் கேள்வி.

சித்தர் பிரதிகள் மறைபொருளாகப் பேசும் முப்புவுக்கு முக்கியமான சரக்கு பூநீறு. உவர்நிலத்தில் பூக்கிற உப்பு அது. அதில் சோடியம் கார்பனேட் உண்டு. பௌர்ணமி இரவில் எடுக்க வேண்டுமென்பார்கள் வைத்தியர்கள். வெள்ளாவி வைக்க அதே உவர்மண்ணை அள்ளிய வண்ணாருக்கு வெயிலில் மண் பூத்தால் போதும், நிலா வேண்டியதில்லை.

பூநீற்றோடு சேர்வது சுண்ணாம்பு. கோவளம், மாமல்லபுரம் கரையில் பயணிகளுக்கு மாலை கோத்து விற்கிறார்களே, அந்தக் கிளிஞ்சலைச் சூளையில் நீற்றினால் கிடைப்பது. சுத்தமான சரக்கென்றால் 100 பங்கு 56 ஆகிவிடும். போன 44 பங்கு எங்கே? ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் தராசு வைத்து நிறுத்து, வெளியேறியது ஒரு காற்று என்று 1756-ல் அச்சிட்டுச் சொன்னார். எவரும் செய்து பார்க்கலாம். நவீன வேதியியல் இந்தப் பகிரங்கத்தில்தான் பிறக்கிறது. எடை குறைவது நம் சூளைக்காரருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? அவரிடம் ஏடு இல்லை. ஏடு வைத்திருந்தவர் பரிபாஷையில் பூட்டி வைத்தார்.

சாதியை ஏசிய சித்தர்களும் இதற்கு விலக்கல்ல. இந்து ரசாயன வரலாறு எழுதிய பிரபுல்ல சந்திர ரே, கைத்தொழிலைச் சாதி தனியே ஒதுக்கியதால்தான் இங்கே அறிவியல் மனம் பட்டுப்போனது என்று 1902-லேயே வாதிட்டார். ரேயை மேற்கோள் காட்டும் நம்மாட்கள் அந்த அத்தியாயத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.