வளரும் குழந்தையும் வளராத மேசையும்: உணவுமேசையில் குழந்தை இருக்கையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

உணவுமேசையின் உயரம் வளர்ந்தவரின் உடலளவை அடிப்படையாகக் கொண்டது. அம்மேசையில் குழந்தையை எவ்வாறு அமர்த்துவது என்னும் வினாவிற்கு ஐரோப்பியச் சமூகங்கள் வெவ்வேறு காலங்களில் மூன்று விடைகளைக் கண்டன. குழந்தையை உயர்த்துதல், மேசையைத் தாழ்த்துதல், இருக்கையைக் குழந்தையோடு வளரவிடுதல் என்பன அவை. இம்மூன்று விடைகளையும் வரலாற்று நோக்கில் ஒப்பிட்டு, குழந்தையின் உடலுக்கு எது இசைந்தது என்பதோடு, குடும்பப் பந்தியில் குழந்தைக்கு எவ்விடம் தரப்பட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. 1972இல் நார்வேயில் உருவான ‘டிரிப் டிராப்’ நாற்காலி மையச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உணவுமேசை, குழந்தை இருக்கை, பாதத்தாங்கி, பொருள்சார் பண்பாடு, மாண்டிசோரி, ஓப்ஸ்விக்.

முன்னுரை

தமிழில் வழங்கும் ‘மேசை’ என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. ஈழத்தமிழில் நாற்காலியைக் குறிக்கும் ‘கதிரை’யும் அவ்வாறே வந்தது. சொற்கள் கடல்வழி வந்தமை, அச்சொற்கள் சுட்டும் பொருள்களும் அவற்றோடு ஒட்டிய அமரும் முறையும் பின்னர் வந்து சேர்ந்தவை என்பதை உணர்த்துகிறது. தடுக்கிலோ மணையிலோ அமர்ந்து இலையில் உண்ணும் மரபில், உண்பவரின் உயரத்திற்கேற்ப இருக்கையை மாற்றவேண்டிய தேவை பெரிதாக எழவில்லை. தரையே இருக்கையாகவும் கால்களுக்குத் தாங்கலாகவும் இலை இடும் தளமாகவும் அமைந்தது. மூன்று வயதுக் குழந்தையும் பாட்டனாரும் ஒரே தளத்தில் உண்ண முடிந்தது.

உண்கலம் தரையிலிருந்து எழுந்து மேசைக்கு ஏறியபோது இந்நிலை மாறியது. மேசைக்கு ஒரே உயரம்தான் உண்டு. குழந்தையின் உயரமோ ஆண்டுதோறும் மாறுகிறது. குழந்தைப் பருவம் என்னும் கருத்தாக்கத்திற்கே ஒரு வரலாறு உண்டு என 1960இல் பிலிப் ஆரியஸ் முன்வைத்த கருத்து பின்னர் பலவாறு மறுக்கப்பட்டது. எனினும், குழந்தைக்கென உருவாக்கப்பட்ட பொருள்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளும் ஆய்வுமுறை இன்று நிலைபெற்றுள்ளது. அம்முறையைப் பின்பற்றி, குழந்தை இருக்கையின் அமைப்பையே முதன்மைச் சான்றாகக் கொள்கிறது இக்கட்டுரை.

சிக்கலின் அளவு

வரலாற்றுக்குள் செல்லுமுன் சிக்கலை அளவுகளால் வரையறுத்துக் கொள்வது பொருத்தமாகும். இன்றைய உணவுமேசைகள் பொதுவாக 72 முதல் 76 செ.மீ. வரை உயரமுடையவை, அவற்றோடு இடப்படும் நாற்காலிகளின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 45 செ.மீ. உயரத்தில் அமைகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகோலின்படி ஆண் குழந்தையின் இடைநிலை உயரம் 2 வயதில் ஏறத்தாழ 87 செ.மீ.; 5 வயதில் 110 செ.மீ.; 10 வயதில் ஏறத்தாழ 138 செ.மீ. பெண் குழந்தையின் அளவுகளும் இவற்றிற்கு மிக நெருக்கமானவை.

அமர்ந்திருக்கும்போது பாதத்திலிருந்து முழங்காலின் உட்புறம் வரையுள்ள உயரம் மொத்த உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். எனவே, 5 வயதுக் குழந்தைக்கு அவ்வளவு 27 செ.மீ. அளவில் இருக்கும். இக்குழந்தை 45 செ.மீ. நாற்காலியில் அமர்ந்தால், பாதம் தரைக்கு 18 செ.மீ. மேலே தொங்கும். நாற்காலியின் ஆழம் 40 செ.மீ.க்கு மேற்பட்டது, குழந்தையின் தொடையோ ஏறத்தாழ 28 செ.மீ. நீளத்தையே வேண்டும். முழங்காலை மடக்குவதற்காகக் குழந்தை முன்னோக்கி நகர்கிறது. அதனால் முதுகு சாய்மானத்தை இழக்கிறது. உணவுநேரத்தில் குழந்தை நெளிவதும் மண்டியிட்டு அமர்வதும் இறங்கி ஓடுவதும் ஒழுக்கக் குறைவாகவே பார்க்கப்படுகின்றன. அவற்றிற்கு உடலளவுசார்ந்த காரணமும் உண்டு என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

முழங்கை மேசைப்பரப்பின் மட்டத்தில் அமையவேண்டும் எனக் கொண்டு, 74 செ.மீ. மேசைக்கு ஒரு தோராயக் கணக்கிடலாம். 2 வயதுக் குழந்தைக்கு இருக்கை 61 செ.மீ. உயரத்திலும் பாதத்தாங்கி 40 செ.மீ. உயரத்திலும் அமையவேண்டும். 5 வயதில் இவை முறையே 58, 31 எனவும், 10 வயதில் 55, 21 எனவும் மாறுகின்றன. எட்டு ஆண்டுகளில் இருக்கை 6 செ.மீ. மட்டுமே தாழ, பாதத்தாங்கி 19 செ.மீ. தாழ்கிறது. குழந்தை வளரும்போது மிகுதியாக மாறவேண்டியது இருக்கை அன்று. பாதம் ஊன்றும் இடமே ஆகும். வரலாற்றில் மிகப் பிந்தி உணரப்பட்டதும் இதுவே.

முதல் விடை: குழந்தையை உயர்த்துதல்

உயர்ந்த கால்களையுடைய குழந்தை நாற்காலி ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டளவிலேயே வழக்கிலிருந்தது. அக்கால டச்சு ஓவியங்களிலும் எஞ்சியுள்ள அறைகலன்களிலும் பெட்டி வடிவிலான குழந்தை இருக்கைகளைக் காணலாம். மலங்கழிப்பதற்கான துளையும், குழந்தை விழாதிருக்க முன்புறம் குறுக்குத் தடையும் அவற்றில் இருந்தன. குழந்தையை ஓரிடத்தில் இருத்திவைத்துப் பெரியோர் தம் வேலையைப் பார்ப்பதே இவற்றின் முதன்மைப் பயன். உணவு உண்ணுதல் அப்பயன்களுள் ஒன்றாகவே இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒழுங்குபடுத்தும் நோக்கம் இதனோடு சேர்ந்தது. அறுவை மருத்துவர் சர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரால் வழங்கிய நாற்காலி உயரமானது. குறுகிய இருக்கையும் செங்குத்தான முதுகும் கொண்டது. உணவுமேசையில் குழந்தை கூன்போட்டு முன்சாயும் பழக்கத்தைத் தடுப்பதற்கென அது பரிந்துரைக்கப்பட்டது. 1833இல் வெளிவந்த தம் கட்டடக்கலைக் களஞ்சியத்தில் ஜான் கிளாடியஸ் லவுடன் இதனை விவரித்து, மருத்துவர் சிலர் இதனை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறார். குழந்தை இருக்கை குறித்த மருத்துவக் கருத்து வேறுபாடு அப்போதே எழுந்துவிட்டமைக்கு இப்பதிவு சான்றாகிறது. உடலுக்கேற்ப இருக்கையை அமைப்பதா, இருக்கைக்கேற்ப உடலைப் பழக்குவதா என்பதே அவ்வேறுபாட்டின் அடிப்படை எனக் கருத இடமுண்டு.

அதே காலத்து இங்கிலாந்தின் வசதிபடைத்த குடும்பங்களில் சிறுகுழந்தைகள் பெற்றோரின் மேசையில் உண்ணவில்லை என்பதும் நோக்கத்தக்கது. செவிலியரின் பொறுப்பில் தனி அறையில் அவர்கள் உண்டனர். நிமிர்ந்து அமரப் பழகுதல், பெரியோரின் மேசைக்கு வரத் தகுதிபெறும் பயிற்சியாகவும் அமைந்தது எனலாம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமருமுறை அறிவியலின் பொருளாயிற்று. சூரிச்சைச் சேர்ந்த மருத்துவர் ஃபார்னர் 1865இல் குழந்தையையும் பள்ளிமேசையையும் பற்றி நூலெழுதினார். ஜெர்மானிய மருத்துவர் பிரான்ஸ் ஸ்டாஃபெல் 1884இல் அமர்தலின் நலவியல் குறித்து எழுதி, இடுப்பின் பின்புறத்திற்குத் தாங்கல் வேண்டுமென வலியுறுத்தினார். எனினும், இவ்வாய்வுகள் பள்ளியையும் எழுதும் வேலையையும் முன்னிறுத்தியே வளர்ந்தன. வீட்டு உணவுமேசை அவற்றின் எல்லைக்கு வெளியே நின்றது.

இரண்டாம் விடை: மேசையைத் தாழ்த்துதல்

1907 சனவரி 6ஆம் நாள் உரோமின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கினார். நிலைப்படுத்தப்பட்ட பள்ளி இருக்கைகளை விலக்கி, குழந்தை தானே தூக்கி நகர்த்தக்கூடிய சிறிய, எடைகுறைந்த மேசை நாற்காலிகளை அவர் வலியுறுத்தினார். உணவுவேளையில் மேசையை ஒழுங்குசெய்வதும் பரிமாறுவதும் குழந்தைகளின் செயல்களாயின. குழந்தை மேசைக்கு உயர்த்தப்படவில்லை. மேசை குழந்தைக்குத் தாழ்ந்தது. பாதம் தரையில் ஊன்றியது; ஏறவும் இறங்கவும் பிறர் துணை தேவைப்படவில்லை.

இவ்விடை தமிழ்நாட்டோடும் நேரடித் தொடர்புடையது. பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மாண்டிசோரி அங்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். இந்திய மாண்டிசோரி வகுப்புகளில் பாயும் தாழ்ந்த சிறுபலகைகளும் மேசை நாற்காலிக்கு ஈடாகப் பயன்பட்டமை, இம்முறை தரைசார்ந்த மரபோடு எளிதில் பொருந்தியதைக் காட்டுகிறது.

ஆயினும், இவ்விடைக்கு ஓர் எல்லை உண்டு. தாழ்ந்த மேசை குழந்தைகள் மட்டுமே கூடும் இடங்களுக்கு ஏற்றது. வீட்டில் அதனை இட்டால், குழந்தையின் உணவிடம் பெரியோரின் உணவிடத்திலிருந்து பிரிகிறது. உடல் பெறும் தன்னுரிமைக்கு ஈடாகக் குடும்பப் பந்தியில் ஓரிடம் இழக்கப்படுகிறது.

மூன்றாம் விடை: வளரும் இருக்கை

வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் வேடல் 1957 அளவில் டென்மார்க்கில் வளைத்த ஒட்டுப்பலகையால் ஒரு குழந்தை நாற்காலியை உருவாக்கினார். அதன் பக்கங்களிலுள்ள பிளவுகளில் இருக்கைப்பலகையை வெவ்வேறு உயரங்களில் செருகலாம். மாறும் இருக்கை என்னும் கருத்து இதில் வெளிப்பட்டாலும், பெரியோரின் மேசையை இலக்காகக் கொண்டு இது அமையவில்லை.

அவ்விலக்கைக் கொண்டவர் 1939இல் பிறந்த நார்வே வடிவமைப்பாளர் பீட்டர் ஓப்ஸ்விக். குழந்தைக்கான உயர்நாற்காலியைத் தாண்டி வளர்ந்துவிட்ட, ஆனால் பெரியோரின் நாற்காலிக்குப் போதிய அளவு வளராத தம் சிறுமகன் குடும்ப மேசையில் கால்கள் தொங்க அமர்ந்திருந்ததைக் கண்டதே அவரது முயற்சிக்குத் தூண்டுதல் ஆயிற்று. ஸ்டொக்கே நிறுவனத்தின் வழியே 1972இல் ‘டிரிப் டிராப்’ வெளிவந்தது. சாய்ந்த இரு மரச்சட்டங்களின் உட்புறத்தில் அடுக்கடுக்கான பள்ளங்கள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றில் இரு பலகைகள் செருகப்படுகின்றன. ஒன்று இருக்கை, மற்றொன்று பாதத்தாங்கி. இரண்டையும் உயரத்திலும் ஆழத்திலும் தனித்தனியே மாற்றலாம்.

முன்னர்க் கண்ட கணக்கை இவ்வமைப்போடு ஒப்பிட்டால் இதன் சிறப்பு விளங்கும். இருக்கையை மட்டும் உயர்த்தும் நாற்காலிகள் கையின் சிக்கலைத் தீர்த்துக் காலின் சிக்கலை விட்டுவிட்டன. பாதத்தாங்கியை இருக்கைக்கு இணையான, தனித்து நகரும் உறுப்பாக ஓப்ஸ்விக் ஆக்கினார். ஊன்றிய பாதம் குழந்தை தானே ஏறி இறங்கவும், அமர்ந்தபடியே தன் நிலையை மாற்றிக்கொள்ளவும் உதவியது. அசைவற்ற நிமிர்ந்த அமர்வைக் கூப்பர் நாற்காலி வேண்டியது. ஓப்ஸ்விக்கின் நாற்காலி அசைவை அமர்தலின் பகுதியாக ஏற்றது. முன்தட்டு இன்மையால் குழந்தை மேசைக்கு மிக அருகில், ஏனையோரின் கண்மட்டத்தை ஒட்டி அமர முடிந்தது.

இந்நாற்காலியின் வெற்றி ஒரு சட்டச் சிக்கலையும் தோற்றுவித்தது. இதன் வடிவத்தை முப்பரிமாண வணிகக்குறியாக 1998இல் ஸ்டொக்கே பெனலக்ஸ் நாடுகளில் பதியக் கோரியது. அதனை ஜெர்மனியின் ஹவுக் நிறுவனம் எதிர்த்த வழக்கில், நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் விளக்கம் கோர, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 செப்டம்பர் 18 அன்று தீர்ப்பளித்தது. ஒரு பொருளின் பொதுப் பயனோடு பிரிக்கமுடியாது பிணைந்த இன்றியமையாப் பண்புகளாலான வடிவத்தையும், அப்பொருளுக்குக் கணிசமான மதிப்பைத் தரும் வடிவத்தையும் வணிகக்குறியாக்கி ஒருவர் காலவரையின்றி உரிமைகொள்ள இயலாது என்பது அதன் சாரம். வளரும் குழந்தைக்கு நன்கு அமர உதவும் வடிவம் எந்த அளவிற்கு ஒருவரின் படைப்பு, எந்த அளவிற்கு அனைவருக்கும் உரிய தேவை என்னும் வினாவை இவ்வழக்கு பொதுவெளியில் எழுப்பியது.

எனினும், ‘வளரும் இருக்கை’ தானாக வளர்வதில்லை. பலகைகளைக் கழற்றி மாற்றிப் பொருத்துபவர் வீட்டுப் பெரியவரே. ஐந்து வயதுக் குழந்தை இரண்டு வயதின் அளவிலேயே விடப்பட்டால், அந்நாற்காலி பழைய உயர்நாற்காலியினின்றும் பெரிதும் வேறுபடாது.

பந்தியில் ஓரிடம்

உணவிருக்கை என்பது உடல்வசதி மட்டுமன்று என்பதைத் தமிழக வரலாறும் அறியும். தரை அனைவருக்கும் ஒரே தளமாயினும், பந்தி அனைவருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி இடப்பட்டமை 1924–25இல் பெரும் அரசியல் பூசலாக வெடித்தது. குழந்தைகள் எங்கே, யாரோடு அமர்ந்து உண்கின்றனர் என்பதைச் சமூகம் உற்றுநோக்குகிறது என்பதற்கு இது சான்று. ஐரோப்பிய இருக்கை வரலாற்றில் வயது வகித்த இடத்தை இங்குச் சாதி வகித்தது. இரண்டும் ஒரே தன்மையன அல்ல. ஆனால், இருவகைப் பிரிவினையிலும் குழந்தை தன் தகுதியை முதலில் கற்ற இடம் உணவிடமே.

முடிவுரை

குழந்தையை உயர்த்திய முதல் விடை அதனைக் கட்டிவைத்தது. மேசையைத் தாழ்த்திய இரண்டாம் விடை குழந்தைக்குத் தன்னுரிமை தந்து தனியிடத்தில் வைத்தது. மூன்றாம் விடை, பாதத்திற்கு ஒரு தாங்கலைத் தந்ததன் வழியே, தன்னுரிமையையும் குடும்பப் பந்தியையும் ஒருங்கிணைக்க முயன்றது. இவ்வரலாறு முழுவதும் யார் யாருக்காகத் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் வினா தொடர்கிறது.

தமிழ்நாட்டு நகர வீடுகளில் உணவுமேசை பரவிவரும் இக்காலத்தில், தரையில் அமரும்போது எழாத சிக்கல் மேசையோடு சேர்ந்தே வருகிறது. விலையுயர்ந்த நாற்காலியை வாங்க இயலாத வீட்டிலும் இவ்வரலாற்றின் பயனைப் பெறலாம். முழங்கை மேசை மட்டத்திற்கு வரும்படி இருக்கையில் உறுதியான திண்டும், முதுகுப்புறத்தில் ஓர் அணையும், பாதத்தின்கீழ் அசையாத பெட்டியோ பலகையோ இட்டு, குழந்தை வளர வளர அவற்றை மாற்றிவருதலே போதும். தரைப்பந்தி கேளாமலே தந்துவந்த காலூன்றும் தளத்தை, மேசைக்கு மாறிய வீடு முயன்று தரவேண்டியுள்ளது.