பழைய மெட்டும் புதிய சொல்லும்



பதுளைக்கு இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டிலே வந்து சேர்ந்தது. அதற்கு நெடுங்காலம் முன்னரே தமிழகத்துப் பாட்டு ஊவா மலைச்சரிவுகளை அடைந்துவிட்டது. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெம்மாங்கும் கோப்பிக் காலத்திலேயே லயங்களிற் குடியேறின. ஊரிற் பாடிய மெட்டுக்குள் கங்காணியின் கடன்கணக்கும் கடல் கடந்து வந்த வழித்துயரும் புகுந்தன. ஆயினும் அப்பாடல்களிற் பெரும்பாலானவை தமக்குள்ளே அழுது ஆறியவை. துரையை நோக்கி எதனையும் கேட்டவை அல்ல.

அக்குரலை மாற்றியவருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் மீனாட்சி அம்மாள். தஞ்சையிலிருந்து வந்து 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் நிறுவிய கோ. நடேசையரின் துணைவியார் அவர். அந்நாளிலே தோட்டம் என்பது ஒரு தனிக்கோட்டை. வெளியார் காலடி வைத்தால் அத்துமீறல் வழக்கு. ஐயர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே புகுந்த கதை மலைநாட்டில் நெடுநாளாக வழங்கி வருவது. பேச்சாளன் நுழைய முடியாத லயத்திலும் பாட்டு நுழையும் அல்லவா? கூட்டங்களிலே ஐயர் பேசினார், அம்மையார் பாடினார். பாடல்கள் சிறு நூல்களாகவும் அச்சாயின.

மெட்டு மக்கள் அறிந்தது. சொல் மட்டும் புதியது. எழுத்தறியாதவரும் இரண்டொரு முறை கேட்டால் பாடிவிடலாம். தொலைவில் நிற்கும் கணக்கப்பிள்ளையின் செவிக்கோ அது பழைய பாட்டாகவே பட்டிருக்கும்! அமெரிக்காவில் 1915இல் மரணதண்டனைக்குள்ளான ஜோ ஹில் என்னும் தொழிலாளர் பாவலரும் தேவாலய மெட்டுகளிலே சங்கப் பாட்டுக் கட்டியவரே.

1939இல் அரசாங்கம் இந்திய வம்சாவளி நாட்கூலியாளரை வேலையிலிருந்து நீக்க முற்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த அம்மையாரின் நூல் இலங்கையில் இந்தியரின் நிலைமையை நேருக்கு நேர் பாடிற்று. அதே 1940இலே பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்து நடப்பதாகத் துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஒடுக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் பறித்தனர். பின்னரே அது அடக்கப்பட்டது.

பாட்டுத்தான் இதனை மூட்டிற்று என்பது மிகை. வெவெஸ்ஸவில் நின்ற சங்கம் ஐயருடையதன்று, சமசமாஜிகளுடையது. இரு சாராருக்கும் நல்லுறவும் இருந்ததில்லை. ஆனால் கேட்பதற்குத் தமக்கும் உரிமை உண்டு என்ற எண்ணத்தைத் தோட்டங்களிலே பரப்பியவற்றுள் அப்பாடல்களுக்கு ஓர் இடம் உண்டு என்பது என் கருத்து.

ஐயர் 1947இல் மறைந்தார். 1948இல் குடியுரிமையும் 1949இல் வாக்குரிமையும் தோட்ட மக்களிற் பெரும்பாலாரிடமிருந்து பறிபோயின. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இலே நூலாயின. அவற்றுள் நமக்குக் கேட்பவை பெரும்பாலும் பழைய மெட்டின் பழைய சொற்களே. மீனாட்சி அம்மாள் கட்டிய புதுச்சொற்களைத் தேட வேண்டுமாயின், அந்தச் சிறு நூல்களைத்தான் புரட்ட வேண்டும்.