ஒரு விளக்குக்கு ஒரு விசை: ஒரு சிறு வரலாறு



குளியலறை விளக்கும் கழிப்பறை விளக்கும் ஒரே விசையில் இணைக்கப்பட்டிருக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. ஒன்றை ஏற்றினால் மற்றொன்றும் சேர்ந்தே எரியும். வேறு சில வீடுகளில் குளியலறை விளக்கை ஏற்றினால் காற்றை வெளியேற்றும் விசிறியும் சுழலத் தொடங்கும். இவற்றைத் தனித்தனி விசைகளுக்கு மாற்றித் தருமாறு மின்பணியாளரிடம் கேட்பது இன்று மிக எளிய செயல். ஆனால், ஒரு விளக்கை மட்டும் தனியே ஏற்றவும் அணைக்கவும் இயலும் என்னும் நிலை மின்விளக்கோடு உடன்பிறந்தது அன்று. அது பின்னர் வந்தது. நம்மவருள் பலருக்கு மிகவும் பிந்தியே வந்தது.

சேர்ந்தே எரிந்த விளக்குகள்

1878ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரின் ஓப்பரா சாலையில் ரஷ்யப் பொறியாளர் பாவெல் யாப்லோச்கோவின் மின்வில் விளக்குகள் ஒளிவீசின. கண்டோர் வியந்தனர். எனினும் அவ்விளக்குகளில் பல ஒரே மின்சுற்றில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று அணைந்தால் அச்சுற்றிலுள்ள மற்றவையும் அணைந்துவிடும். தெருவுக்கு அது பொருந்தலாம், வீட்டுக்குப் பொருந்துமா? அக்காலத்து நகர வீடுகளில் இருந்த வாயு விளக்குகள் ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு இருந்தது. வேண்டிய அறையில் வேண்டிய விளக்கை மட்டும் ஏற்றிப் பழகியவர்கள், அதைவிடக் குறைந்த வசதியை ஏற்றுக்கொள்வார்களா?

இச்சிக்கலைத் தீர்க்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் தாமஸ் ஆல்வா எடிசன். மின்குமிழைச் செய்தவர் என்றே மாணவர்கள் அவரை அறிவர். உண்மையில் அவருடைய பெரும்பணி, மின்தடை மிகுந்த மெல்லிய இழையைக் கொண்ட குமிழ்களை இணை மின்சுற்றில் பொருத்தி, ஒன்றை அணைத்தாலும் மற்றவை எரியும்படி ஒரு முழு விநியோக முறையை அமைத்ததேயாகும். 1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையம் ஏறத்தாழ 400 விளக்குகளுக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கியது. தொடர் மின்சுற்று, இணை மின்சுற்று என்று நாம் வகுப்பில் கற்பிக்கும் பாடத்தின் வரலாற்றுப் பின்னணி இதுவே.

விசையின் வளர்ச்சி

தனித்தனியே அணைக்க வழி பிறந்த பின்னரும் ஒரு தொல்லை இருந்தது. விசையின் இரு உலோக முனைகள் மெல்லப் பிரியும்போது அவற்றிடையே தீப்பொறி பறந்தது. முனைகள் விரைவில் தேய்ந்தன. தீப்பற்றும் அச்சமும் இருந்தது. இங்கிலாந்தின் நியூகாசல் நகரைச் சேர்ந்த பொறியாளர் ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884ஆம் ஆண்டில் இதற்குத் தீர்வு கண்டார். கை எவ்வளவு மெதுவாக அசைந்தாலும் முனைகள் சட்டென்று விலகிவிடும்படி அவர் விசையை அமைத்தார். இன்று சுவரில் நாம் அழுத்தும் விசை 'டக்' என்று ஒலிப்பதும் இந்த விரைவான அசைவினால்தான்.

ஆயினும் மக்களின் அச்சம் உடனே நீங்கவில்லை. 1891ஆம் ஆண்டில் அமெரிக்க வெள்ளை மாளிகைக்கு மின்விளக்கு வந்தது. அப்போதைய அதிபர் பெஞ்சமின் ஹாரிசனும் அவருடைய குடும்பத்தாரும் மின்சாரம் தாக்கிவிடும் என்றஞ்சி விசைகளைத் தொடவே தயங்கினராம். அங்குப் பணியாற்றிய மின்பணியாளர் ஐக் ஹூவர் இதைப் பதிவு செய்துள்ளார். அஞ்சியவர் அதிபராயினும், விளக்கு அவர் கையில் இல்லை!

நம் மண்ணில்

மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கத்திலேயே ஒரு தமிழரின் பெயர் இடம்பெற்றுள்ளது. பத்துமலைத் திருத்தலத்தோடு நாம் நினைவுகூரும் கா. தம்புசாமிப் பிள்ளை, சீன வணிகர் லோக் இயூவுடன் சேர்ந்து, 1894ஆம் ஆண்டளவில் ராவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தைப் பயன்படுத்தினார். 1900ஆம் ஆண்டில் ரவுப் தங்கச் சுரங்கத்திற்காகச் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் எழுந்தது. 1906ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் சில தெருக்களில் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. 1949ஆம் ஆண்டில் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. அது 1965இல் தேசிய மின்சார வாரியமாகவும், 1990இல் தெனாகா நேஷனலாகவும் மாறியது.

இவை நாட்டின் வரலாறு. தோட்டப்புறத்தின் வரலாறு வேறு.

தோட்டம் தனியார் நிலம். அங்கே விளக்கு என்பது நிர்வாகம் தருவது. பல தோட்டங்களில் மாலையில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் லயன் வீடுகளில் விளக்கெரியும். இரவு பத்து மணியளவில் அது நிறுத்தப்பட்டால் எல்லா வீடுகளும் ஒருசேர இருளில் மூழ்கும். வீட்டுக்குள் விசை இருந்தாலும், உண்மையான விசை இஞ்சின் கொட்டகையில் இருந்தது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை அதன்பின் மண்ணெண்ணெய் விளக்கைத் தேட வேண்டும். லயத்திற்குப் பின்னால் தள்ளியிருந்த பொதுக் கழிப்பறைக்கு இரவில் செல்ல வேண்டிய பெண்களும் குழந்தைகளும் கைவிளக்கோடு துணைக்கு ஒருவரையும் அழைத்துச் சென்றனர்.

தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதிய மின்சாரம் கிடைப்பதை உறுதிசெய்வது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீடமைப்புத் தரச் சட்டம் வகுத்தது. பேர்ல் தெருவில் விளக்கெரிந்து நூற்றெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

குளியலறை விசை

இனி நம் வீட்டுக் குளியலறைக்கு வருவோம். ஈரமான உடலில் மின்சாரம் எளிதில் பாயும். ஆகவேதான் குளியலறை விளக்கின் விசையைப் பெரும்பாலும் கதவுக்கு வெளியே அமைக்கின்றனர். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள், தரை ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டித்துவிடும் காப்புக் கருவியை வலியுறுத்துகின்றன. சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டு முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயமாக இருந்த மின்கசிவுத் துண்டிப்பான், 2023 ஜூலை முதல் நாளிலிருந்து எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பழைய வீடுகளுக்கு ஈராண்டு அவகாசம் தரப்பட்டது.

இரு விளக்குகளைத் தனித்தனியாக்குவதன் தத்துவம் எளிது. மின்சாரம் வரும் லைவ் கம்பி, ஒவ்வொரு விளக்குக்கும் தனி விசை வழியாகச் செல்ல வேண்டும். திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி அவ்விரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். விசை எப்போதும் லைவ் கம்பியையே துண்டிக்க வேண்டும். நியூட்ரல் கம்பியில் விசையை வைத்தால் விளக்கு அணையும். ஆனால் குமிழ் மாட்டும் இடத்தில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். குமிழை மாற்றக் கைநீட்டுபவரின் உயிருக்கு அது உலை வைக்கும். எனவே, இப்பணியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படையுங்கள். தத்துவத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது மின்கலத்தோடும் சிறு குமிழோடும் நிற்கட்டும்.

பெற்றோர்களே, இரவில் தனியே எழுந்து கழிப்பறைக்குச் செல்லும் சிறு பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், தெளிவாகத் தெரியும்படி அதன் விளக்குக்கான விசை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஆசிரியர்களே, மின்சுற்றுப் பாடம் நடத்தும் வாரத்தில், தாத்தா பாட்டியின் இளமைக்காலத்தில் வீட்டு விளக்கை யார் ஏற்றினார்கள், யார் அணைத்தார்கள் என்று கேட்டு எழுதிவரும்படி மாணவர்களைப் பணியுங்கள். அந்த விடைகள் இஞ்சின் கொட்டகையையும் மண்ணெண்ணெய் விளக்கையும் வகுப்பறைக்குள் கொண்டுவரும். அவற்றை நேரில் கண்டவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுவிடுவது நன்று.