வெளிச்சத்துக்குப் பாய் விரித்தவர்கள்

காற்றே இல்லாத இடத்தில் பாய் விரித்துக் கப்பல் ஓட்ட முடியுமா? கேட்டால் சிரிப்போம். ஆனால் நானூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். அவர் ஜெர்மனி தேசத்து வானியல் அறிஞர் கெப்ளர். 1607-ல் அவர் பார்த்த வால்நட்சத்திரம்தான் பிற்காலத்தில் ஹாலி என்று பெயர் பெற்றது. வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்வதற்கு, சூரியக் கதிர்கள் அதைத் தள்ளுவதே காரணம் என்று பின்னாளில் எழுதினார். வானத்துக் காற்றுக்கு ஏற்ற கப்பலும் பாயும் செய்யலாம் என்று 1610-ல் கலிலியோவுக்கும் எழுதினார்.

வெளிச்சம் தள்ளும் என்பதை 1873-ல் மாக்ஸ்வெல் கணக்கில் காட்டினார். மாஸ்கோவில் லெபெதேவ் அதைச் சோதனையில் அளந்து 1901-ல் வெளியிட்டார். அந்தத் தள்ளு எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கண்ணாடிபோலப் பளபளக்கும் பாய் விரித்தாலும், கிடைப்பது சுமார் 900 கிராம் எடையின் அழுத்தம்தான். ஆனால் அது நிற்பதே இல்லை, எரிபொருளும் வேண்டாம். விண்வெளியில் தடுக்கக் காற்றும் கிடையாது. ஆகவே வேகம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும்.

இந்தத் தள்ளு நம் நாட்டுச் செயற்கைக்கோளுக்கும் தொல்லை கொடுத்திருக்கிறது. தூர்தர்ஷன் செய்தியில் இன்சாட் அனுப்பிய மேகப் படம் பார்த்தது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் படக் கருவியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டியிருந்ததால், சூரிய மின்தகட்டை ஒரு பக்கம் மட்டுமே வைத்தார்கள். அந்தப் பக்கத்தை வெளிச்சம் தள்ளினால் செயற்கைக்கோள் திரும்பிவிடும். அதைச் சரிக்கட்ட, மறுபக்கம் நீண்ட கம்பின் நுனியில் ஒரு பாய் கட்டினார்கள். துலாக்கோலுக்கு எடை போடுவது மாதிரி. 1982 ஏப்ரலில் போன இன்சாட் 1ஏ-யில் அந்தப் பாய் விரியவே இல்லை. வேறு கோளாறுகளும் சேர்ந்து, எரிபொருள் தீர்ந்து, செப்டம்பரில் அதைக் கைவிட நேர்ந்தது. அடுத்த ஆண்டு போன இன்சாட் 1பி-தான் நமக்குப் பல வருஷம் உழைத்தது.

இன்சாட்டில் பாய் சமநிலைக்கு மட்டும். பாயையே வாகனமாக்க ஆசைப்பட்டவர் அமெரிக்காவின் லூயிஸ் ஃபிரீட்மன். கெப்ளர் பார்த்த அதே ஹாலி 1986-ல் திரும்பி வரவிருந்தது. அதன் கூடவே செல்ல சுமார் 800 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பாய் ஒன்றை 1976-ல் அவர் குழு திட்டமிட்டது. கார்ல் சாகன் அதன் மாதிரியைத் தொலைக்காட்சியில் காட்டினார். மறு வருஷமே நாசா அதைக் கைவிட்டது. கடைசியில் ஹாலியைப் பார்க்க ரஷ்யா, ஐரோப்பா, ஜப்பான் எல்லாம் கலம் அனுப்பின. அமெரிக்கா தனியாக ஒன்றும் அனுப்பவில்லை.

ஃபிரீட்மன் விடவில்லை. 1980-ல் சாகன், புரூஸ் மர்ரி இருவருடனும் சேர்ந்து பிளானட்டரி சொசைட்டி என்ற சங்கத்தைத் தொடங்கினார். சாகன் 1996-ல் காலமானார். 2005 ஜூன் 21-ல், பேரன்ட்ஸ் கடலில் ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து, காஸ்மாஸ் 1 என்ற அவர்களுடைய பாய்க்கலம் கிளம்பியது. ராக்கெட் வழியிலேயே பழுதாகி விழுந்தது. முப்பது வருஷக் கனவு இரண்டு நிமிஷம்கூட ஓடவில்லை.

ஜப்பான்காரர்கள் முந்திக்கொண்டார்கள். 2010 மே மாதம் அவர்கள் அனுப்பிய இகாரோஸ், பக்கத்துக்கு 14 மீட்டர் பாய் விரித்து, டிசம்பரில் வெள்ளிக் கிரகத்தைக் கடந்தது. பாயின் கனம் 7.5 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அதன்மேல் விழுந்த தள்ளு நாலைந்து அரிசி எடை.

அதே 2010-ல் ஃபிரீட்மன் சங்கத்தின் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகினார். வேலை நிற்கவில்லை. சுமார் 50,000 சாதாரண ஜனங்கள் கொடுத்த நன்கொடையில் லைட்செயில் 2 உருவானது. ஐந்து கிலோ எடையில் ஒரு சின்னப் பெட்டி. 2019 ஜூலை 23-ல் அது 32 சதுர மீட்டர் பாயை விரித்தது. அதற்குக் கிடைத்த தள்ளு ஒரு அரிசியின் எடைதான். அதை வைத்தே ஒரு வாரத்துக்குள் தன் சுற்றுப்பாதையின் ஒரு முனையை சுமார் இரண்டு கிலோமீட்டர் உயர்த்திக் காட்டியது. 2022 நவம்பர் வரை பூமியைச் சுற்றிவிட்டு எரிந்து முடிந்தது.

1976-க்கும் 2019-க்கும் இடையே 43 வருஷம். ஒரு மனிதரின் உத்தியோக காலம் முழுவதும் போய், ஓய்வும் பெற்ற பிறகுதான் பலன் வந்திருக்கிறது. பென்ஷன் வாங்கும் நமக்கு அந்த 43 வருஷத்தின் நீளம் தெரியும். லைட்செயில் 2-இன் பாய் விரிந்த படம் கிடைத்தால் பாருங்கள். பின்னால் பூமி தெரியும்.